தட்டுக்குத் தட்டு காலனி எண்ணிக்கை மாறினால் பிழையா?

சென்னை கிண்டியில் ப்ராஜெக்ட் செய்வதாகவும், தனித்தனியாக வளர்த்த பத்துக் குழாய் ஈ.கோலை பாக்டீரியாவை, அதைக் கொல்லும் டி1 ஃபேஜ் என்ற வைரஸ் தடவிய தட்டுகளில் போட்டால் ஒன்றில் 2 காலனி (தப்பிய பாக்டீரியா பெருகி உண்டாகும் புள்ளி), இன்னொன்றில் 90 வருவதாகவும், கைடு திட்டுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

பிப்பெட்டைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். 1943இல் லூரியா, டெல்புரூக் என்ற இரு விஞ்ஞானிகள் வெளியிட்ட இதே மாதிரி ஒரு சோதனையில் 20 குழாய்களில் 11இல் காலனி பூஜ்யம், ஒன்றில் மட்டும் 107! ஃபேஜைப் பார்க்கும் முன்பே, அதைத் தாங்க வைக்கும் மியூட்டேஷன் (மரபணு மாற்றம்) ஏதோ ஒரு பாக்டீரியாவில் நடந்துவிடுகிறது. சீக்கிரம் நடந்த குழாயில் வாரிசுகள் குவிந்துகிடக்கும்.

சரி, கைடிடம் என்ன காட்டுவது? ஒரே குழாயிலிருந்து பத்துத் தட்டு போடுங்கள். எண்கள் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால் உங்கள் கை சுத்தம். அங்கேயும் தாறுமாறாக இருந்தால்தான் பிப்பெட்டைச் சந்தேகிக்கணும்.

அப்புறம், டி1 காய்ந்தாலும் லேசில் சாகாது. மேசையை பிளீச் போட்டுத் துடையுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து மேசைக்காரர் வளர்க்கும் பாக்டீரியா பாவம்.