கத்தோங்கிலிருந்து பிடோக் படகுத்துறை வரை: ஒரு நடை, இரண்டு குளியல்

சிங்கப்பூரில் நடந்துகொண்டே இடையிடையே கடலில் இறங்கி நீந்தவும் ஏற்ற கரையோர நடை எது, உங்களுக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டிருக்கிறீர்கள். சாங்கி முனையின் நடைபாதையையும் லாசரஸ் தீவின் வளைந்த மணற்கரையையும் பலர் சொல்வார்கள். இரண்டும் அழகானவைதான். ஆனால் என் விடை ஈஸ்ட் கோஸ்ட் பார்க்தான். அதிலும் கத்தோங் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் தொடங்கிப் பிடோக் படகுத்துறையில் முடியும், ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளமுள்ள பகுதி. 15 கிலோமீட்டர் நீளும் அந்தப் பூங்காவில் இந்தப் பகுதியை நான் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் என் பெரியப்பா.

அவருக்கு இப்போது எண்பத்து நான்கு வயது. 1950களில் கத்தோங்கை ஒட்டிய ஜூ சியாட்டில் வளர்ந்தவர். தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையின் இந்தப் பகுதி 2024 ஜூன் மாதத்தில் திறக்கப்பட்ட பின்பு நாங்கள் இருவரும் முதன்முறையாகக் கத்தோங் பார்க் நிலையத்தில் இறங்கியபோது, அவர் வெளியே வந்ததும் நின்றுவிட்டார். "தம்பி, இங்கேதான் கடல் இருந்தது. இங்கேதான் நான் நீச்சல் பழகினேன்" என்றார். அந்தக் காலத்தில் கத்தோங் பூங்காவின் எதிரே, கடலுக்குள் கழிகளை நட்டு வேலியடைத்த குளியலிடம் ஒன்று இருந்தது. மலாய்ச் சொல்லால் அதைப் 'பாகார்' என்பார்கள். வேலி என்று பொருள். அலை உள்ளே வரும், பெரிய மீன்கள் வர இயலாது. பிள்ளைகள் அச்சமின்றி நீந்தினார்கள். பூங்காவின் மண்ணுக்கடியில் 1879இல் கட்டப்பட்ட தஞ்சோங் கத்தோங் கோட்டையின் எச்சங்கள் உள்ளன. கடலைக் காவல் காக்கக் கட்டிய கோட்டை அது. இன்று அந்த இடத்திலிருந்து விரைவுச்சாலையைக் கடந்து, மரநிழலில் பத்து நிமிடம் நடந்தால்தான் கடல் கண்ணுக்குத் தெரிகிறது.

இடையிலுள்ள நிலம் முழுவதும் நிலமீட்பால் வந்தது. 1966இல் தொடங்கிய அப்பணிக்குப் பிடோக், சிக்லாப் பகுதிக் குன்றுகளை வெட்டியெடுத்த மண்ணை இயந்திரத்தால் ஓடும் நீண்ட பட்டைகளில் ஏற்றிக் கடலோரத்துக்குக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஆகவே நாம் நடப்பது ஒரு குன்றின் மேல் என்று பெரியப்பா சொல்வார், அதில் மிகையில்லை. கொட்டிய மண்ணை அலை அரித்துக்கொண்டு போகாதிருக்க, கரை நெடுகக் கல்லால் ஆன அலைத்தடுப்புகளை இடைவெளி விட்டு அமைத்தார்கள். அலைகள் ஒவ்வோர் இடைவெளியிலும் மணலை மெல்ல அரித்துப் பிறைவடிவக் குடாவாக்கின. வளைவின் எந்த இடத்திலும் அலை கரைக்கு நேராகவே வந்து மோதும் நிலையை அடைந்ததும் அரிப்பு தணிந்தது. கரை காப்பதற்காகச் செய்த இந்த ஏற்பாடு நீந்துபவர்களுக்கும் பெரிய கொடையாயிற்று. இரண்டு அலைத்தடுப்புகளுக்கு நடுவே, கரைக்கு இணையாக நீந்தினால் வெளிக்கடலின் நீரோட்டம் உங்களைப் பெரும்பாலும் தொடாது. அந்தக் காலத்துப் பாகாரின் வேலையை இப்போது இந்தக் கற்கள் செய்கின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது.

நான் காலை ஆறரை மணிக்கு, வெளிச்சம் வருவதற்கு முன்பே நடக்கத் தொடங்கிவிடுவேன். ஏழு மணியளவில் சூரியன் எழும்போது கடலில் நங்கூரமிட்டிருக்கும் கப்பல்களின் விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கும். அந்தக் கப்பல்களைச் சற்று நேரம் கவனியுங்கள். நங்கூரமிட்ட கப்பலின் அணியம், அதாவது முன்பகுதி, பெரும்பாலும் நீரோட்டம் வரும் திசையை நோக்கியே நிற்கும். எல்லாக் கப்பல்களும் கிழக்கே பார்த்து நின்றால் நீர் மேற்கு நோக்கி ஓடுகிறது. எந்தத் திசையில் நீந்தத் தொடங்கினால் திரும்பி வரும்போது களைப்பிருக்காது என்பதை நான் இப்படித்தான் முடிவு செய்கிறேன்: முதலில் நீரோட்டத்தை எதிர்த்து, பிறகு அதனுடன்.

முதற்குளியலை, பழைய நீர்ச்சறுக்குப் பூங்கா இருந்த இடத்தில் 2021இல் அமைந்த கோஸ்டல் பிளேகுரோ என்னும் விளையாட்டிடத்தைத் தாண்டியதும் வரும் குடாக்களில் ஒன்றில் வைத்துக்கொள்கிறேன். நீர் தெளிவானதன்று, மார்பளவு நீரில் நின்றால் பாதம் தெரியாது. மாலத்தீவுப் படங்களைப் பார்த்துவிட்டு வருபவர்கள் ஏமாந்து போவார்கள். ஆனால் ஆண்டு முழுவதும் உடலுக்கு இதமான வெப்பமுள்ள நீர் அது. காலையில் காற்று எழுவதற்கு முன்பு எண்ணெய் தடவியதுபோல் அசையாமல் கிடக்கும். இருபது நிமிடம் நீந்தி எழுந்து, பூங்காவின் குளியல் குழாயில் உப்பைக் கழுவிக்கொண்டு, ஈரத் துணியோடே நடையைத் தொடர்வதில் உள்ள சுகத்தை வேறெந்த நடையிலும் நான் கண்டதில்லை.

வழியில் சவுக்கும் தென்னையும் நாட்டுவாதுமையும் நிற்கின்றன. புன்னையும் உண்டு. மணலில் அடும்பங்கொடி ஊதாப் பூவோடு படர்ந்திருக்கும். நெய்தல் நிலத்துக்கு உரியவை என்று பள்ளியில் மனப்பாடம் செய்த புன்னையையும் அடும்பையும் இந்தக் கரையில்தான் நான் முதன்முதலில் கையால் தொட்டுப் பார்த்தேன்.

சிக்லாப் கால்வாய் கடலில் கலக்கும் இடத்தை மட்டும் நடந்தே கடந்துவிடுங்கள். பெருமழைக்குப் பிறகு கால்வாய்கள் நகரத்தின் அழுக்கையெல்லாம் கடலில் சேர்க்கும். அதன்பின் இரண்டு நாள்களாவது நான் நீரில் இறங்குவதில்லை. கடற்கரை நீரில், கழிவு கலந்திருப்பதைக் காட்டும் எண்டரோகாக்கஸ் நுண்ணுயிரின் அளவைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் சோதித்து வருகிறது. 100 மில்லிலிட்டரில் 200 என்பதே நீந்துவதற்கான எல்லைக் கணக்கு. கிளம்பும் முன்பு வாரியத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கடல் ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் முன்கூட்டியே அறிந்துகொள்வது அதைவிட முக்கியம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் இரண்டுக்கும் 2 மீட்டருக்கு மேல் வேறுபாடு இருக்கும். ஒருமுறை, நீர் நன்றாக இறங்கியிருந்த நேரத்தில், சுற்றி வரச் சோம்பல்பட்டு அலைத்தடுப்புக் கற்களின் மீது ஏறிக் கரைக்கு வர முயன்றேன். கல்லில் ஒட்டியிருந்த சிப்பி உள்ளங்காலை நீளமாகக் கிழித்துவிட்டது. இரண்டு வாரம் செருப்பணிய முடியவில்லை. அதுமுதல் நீர் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில், மணல் உள்ள இடத்தில் மட்டுமே இறங்குகிறேன், ஏறுகிறேன். திருக்கை மீன் மணலுக்குள் பதுங்கியிருக்கக் கூடும் என்பதால் பாதத்தைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடியே நடக்கிறேன். சொறிமீன் வரும் காலங்களில் எச்சரிக்கை அறிவிப்பு வைப்பார்கள். அந்நாள்களில் நடை மட்டும் போதும். உயிர்காப்பாளர் இருப்பார் என்று எண்ணிக்கொண்டு இங்கே இறங்கக் கூடாது. துணைக்கு ஒருவரும், தொலைவிலிருந்தே தெரியும் நிறத்தில் ஒரு மிதவையும் வேண்டும்.

இரண்டாம் குளியல் சிக்லாப் கால்வாய்க்கு அப்பால், கூட்டம் குறைந்த ஒரு குடாவில். பெரியப்பா வரும் நாள்களில் அவர் கரையில் அமர்ந்து என்னைக் கண்காணிப்பார். 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் கப்பல்கள் மோதி ஏறத்தாழ 400 டன் எண்ணெய் கடலில் கொட்டியபோது இந்தக் கரையும் கறுத்தது. புதிய ரயில் நிலையங்கள் திறந்த அதே மாதத்தில் கடலில் கால்வைக்க முடியாமல் போயிற்று. துப்புரவு ஊழியர்கள் வெயிலில் நாள் கணக்காக மணலை அள்ளிப் பைகளில் கட்டியதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். இன்று நாம் நீந்தும் மணல் அவர்கள் மீட்டுக் கொடுத்தது.

நான் இந்த நடையை இப்போதே போகச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. இக்கரைக்கு அப்பால் ஏறத்தாழ 800 ஹெக்டர் நிலத்தை மீட்டு 'நீள்தீவு' அமைக்கும் திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டது. உயரும் கடல்மட்டத்திலிருந்து தாழ்வான இப்பகுதியைக் காப்பதற்கும், புதிய நீர்த்தேக்கம் ஒன்றை உருவாக்குவதற்கும் அது வேண்டியிருக்கிறது. இந்நூற்றாண்டின் இறுதிக்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்று கணக்கிட்டிருக்கும்போது அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆய்வும் கட்டுமானமும் முடியப் பல பத்தாண்டுகள் ஆகும். முடிந்தபின் இந்தக் குடாக்களுக்கு முன்னே இருப்பது நன்னீராக இருக்கும். பெரியப்பாவின் கடல் கத்தோங் பூங்காவிலிருந்து தள்ளிப்போனதுபோல் என் கடலும் தள்ளிப்போகும். அதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

நடை பிடோக் படகுத்துறையில் முடிகிறது. 250 மீட்டர் நீளமுள்ள அதன்மீது, அது திறந்திருக்கும் நாள்களில், தூண்டில்காரர்கள் விடியும் முன்பே இடம்பிடித்திருப்பார்கள். அதன் முனையில் அமர்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தை உண்போம். திரும்புவதற்குப் பேஷோர் நிலையம் நடக்கும் தொலைவில் இருக்கிறது. ஐந்தாம் நிறுத்தத்தில் மீண்டும் கத்தோங் பார்க் வந்துவிடும்.

பெரியப்பாவால் இப்போது அலையில் இறங்க முடிவதில்லை. சென்ற முறை என் துண்டைக் கடலில் நனைத்துப் பிழியாமல் கொண்டுவந்து அவர் கைகளிலும் பாதங்களிலும் ஒற்றினேன். அவர் விரல் நுனியை நாவில் வைத்துப் பார்த்துவிட்டு, "அதே உப்புதான்" என்றார்.