நேரடி அஞ்சல் விளம்பரத்துக்கு முகவரிப் பட்டியலை விலைக்கு வாங்கலாமா?

மணமக்கள் பெயர் நெய்த பத்தமடைப் பாய்களை விற்கத் தொடங்கியிருப்பதாகவும், கல்யாண வீட்டாருக்குத் தபாலில் அறிவிப்பு அனுப்ப ஒரு தரகர் பத்தாயிரம் முகவரிகளை விலைக்குத் தருவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். பாளையங்கோட்டையில் சீர்வரிசைப் பாத்திரக் கடை நடத்திக்கொண்டு, பல ஆண்டுகளாகக் கடிதம் வழியே வாடிக்கையாளர்களை அழைத்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்போது வாங்க வேண்டாம்.

உங்களுடைய முதல் பட்டியல் உங்கள் பில் புத்தகத்திலேயே இருக்கிறது. அண்மையில் வாங்கியவர், அடிக்கடி வாங்கியவர், பெருந்தொகைக்கு வாங்கியவர் என்ற வரிசையில் முகவரிகளைத் தரம் பிரிப்பது இத்தொழிலின் பழைய வழக்கம். ஆனால் கல்யாணப் பொருளுக்கு அந்த வரிசை அப்படியே பொருந்தாது. போன மாதம் மகளைக் கட்டிக்கொடுத்தவர் இந்த மாதம் மறுபடி பாய் வாங்கப்போவதில்லை. ஆகவே பில் போடும்போதே அடுத்து வீட்டில் யாருக்குக் கல்யாணம், ஏறத்தாழ எப்போது என்று கேட்டு, அறிவிப்பு அனுப்பச் சம்மதமா என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு குறிப்புக்கு இருக்கும் மதிப்பு விலைக்கு வரும் நூறு முகவரிகளுக்கு இருக்காது.

மொய் நோட்டையும், கோயில் கொடை விழாவுக்கு ஊரார் தரும் வரிப் பணத்தின் பட்டியலையும் சிலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு இது சிறிதும் உடன்பாடில்லை. சாமிக்கு வரி கொடுக்கப் பெயர் எழுதியவர் வியாபாரத்துக்காக எழுதவில்லை. அப்பட்டியலைக் கணினியில் ஏற்றிவிட்டால், சம்மதத்தை அடிப்படையாகக் கொண்ட 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

பட்டியலைச் சுத்தம் செய்வதில்தான் நம் ஊருக்கே உரிய சிக்கல்கள் வருகின்றன. ஒரே தெருவில் நான்கு இசக்கிமுத்து இருப்பார்கள் என்பதால், தகப்பனார் பெயரின் முதலெழுத்தும் கதவு எண்ணும் இல்லாத முகவரியால் பயனில்லை. ஆங்கிலத்தில் பதிந்த பட்டியலிலோ ஒரே இசக்கிமுத்து இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களில் இடம்பெற்று, ஒரே வீட்டுக்கு மூன்று கடிதம் போகும். தென்காசி 2019இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பிறகும் இரு மாவட்டங்களிலும் பின்கோடு பெரும்பாலும் 627 என்றே தொடங்குவதால், ஊர்வாரியாகப் பிரிக்க ஆறு இலக்கங்களையும் பாருங்கள். உறையில் அனுப்புநர் முகவரி கட்டாயம் இருக்கட்டும். திரும்பி வரும் கடிதத்தைக் கொண்டு அன்றே அந்தப் பெயரை நீக்கிவிட வேண்டும்.

சென்னையிலும் மும்பையிலும் குடியேறிய நம் ஊர்க்காரர்களுக்கு அனுப்புவதானால், பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்கு வருமுன் கையில் கிடைக்கும்படி அனுப்புங்கள்; குடும்பமாகக் கூடும்போதுதான் கல்யாணப் பேச்சு நடக்கும்.

பின்னாளில் வெளிப் பட்டியல் தேவைப்பட்டால், அது எப்போது, எதற்காகத் திரட்டப்பட்டது, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று கேளுங்கள். பெரும்பாலும் அவை ஒருமுறை பயன்படுத்தவே வாடகைக்குத் தரப்படுகின்றன. மீறினால் கண்டுபிடிப்பதற்காக உரிமையாளர் தம் ஆட்களின் முகவரிகளையும் இடையில் கலந்து வைத்திருப்பார். பட்டியல் முழுவதற்கும் அனுப்பாமல், முதல் ஐந்நூறு என்று எடுக்காமல், பட்டியல் நெடுக இருபதுக்கு ஒன்றாகப் பொறுக்கி, தனிக் குறியீடு அச்சிட்ட கூப்பனுடன் சோதித்துப் பாருங்கள். கடைக்கு வந்துசேரும் கூப்பன்களில் கிடைத்த லாபம் அச்சு, தபால், வாடகைச் செலவைத் தாண்டினால் மட்டும் மீதிக்கு அனுப்புங்கள்.

சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் போதுமென்றால், முகவரியே இல்லாமல் குறிப்பிட்ட பகுதியில் தபால்காரர் வழியே துண்டறிக்கை சேர்க்கும் டைரக்ட் போஸ்ட் சேவை அஞ்சல் துறையில் உண்டு. அதன் கட்டணத்தைத் தலைமை அஞ்சலகத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.