தீபாவளி விளக்கொளியில் எந்த ஷட்டர் வேகம் கைகொடுக்கும்?

உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “சிராங்கூன் சாலையில் தீபாவளி ஒளியூட்டு பார்க்கப் போனபோது பிள்ளைகளைப் படம் எடுத்தேன். கேமராவுடன் வந்த 18-55 லென்ஸை 55-க்கு நீட்டி, ஆட்டோ மோடில் எடுத்தவை எல்லாம் கலங்கியிருந்தன. 1/15 விநாடி, ஐஎஸ்ஓ 1600 என்று காட்டுகிறது. ஷட்டரை நாமே வைக்கும் மோடுக்கு மாற்றி 1/500 வைத்தேன். ஐஎஸ்ஓ 400-இல் இருந்தது. படம் ஒரே இருட்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் எது சரி?”

முதலில் அந்த இருட்டுக்கு என்ன காரணம் என்று பார்ப்போம். ஷட்டர் வேகம் என்பது ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. அந்த வேகத்தை 1/15-லிருந்து 1/30, 1/60, 1/125, 1/250, 1/500 என்று ஏற்ற ஏற்ற, ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகிறது. ஐந்து படி ஏறினால் 32-இல் ஒரு பங்குதான் மிஞ்சும். அதோடு, வந்த ஒளியைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் ஐஎஸ்ஓ 1600-லிருந்து 400-க்கு இறங்கியதில் நான்கு மடங்கு போய்விட்டது. மொத்தத்தில் முந்தைய படத்தைவிட 128 மடங்கு இருட்டு. லென்ஸ் ஏற்கெனவே முழுதாகத் திறந்திருந்ததால் கேமராவால் எதையும் ஈடுகட்ட முடியவில்லை.

சிராங்கூன் சாலையில் நடந்து வருகிறவர்களைக் கையில் பிடித்து எடுக்க நான் தொடங்கும் வேகம் 1/100. இதற்குக் காரணம் மூன்று. ஒன்று, கை ஆட்டம். 55 மி.மீ. லென்ஸ் உங்கள் கேமராவின் சிறிய சென்சாரில் (படத்தைப் பதிவு செய்யும் சில்லு) ஏறத்தாழ 82 மி.மீ. அளவுக்கு நெருக்கிக் காட்டும். அந்த எண்ணையே விநாடியின் கீழே போட்டுக்கொள்வது பழைய வழக்கம். அதாவது 1/80-க்குக் குறையக்கூடாது. இரண்டாவது, மெதுவாக நடக்கும் ஆள் 1/100-இல் பெரும்பாலும் தெளிவாக நின்றுவிடுவார்.

மூன்றாவது காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. சிங்கப்பூரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் கடைகளிலுள்ள பல குழல் விளக்குகளும் எல்இடிகளும் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 1/100 வைத்தால் ஒரு முழுத் துடிப்பு படத்தில் விழும். 1/50 என்றால் இரண்டு. 1/250, 1/500 என்று போனால் துடிப்பின் ஒரு துண்டுதான் கிடைக்கும். ஒரு படம் வெளிச்சமாகவும், அடுத்தது மங்கலாகவும், சில சமயம் குறுக்கே கறுப்புப் பட்டைகளோடும் வரும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் பட்டை இன்னும் மோசம். சிராங்கூன் சாலை வட்டாரமான தேக்காவில் அதை அணைத்து வையுங்கள்.

சரி, 1/100 வைத்தால் ஒளிக்கு எங்கே போவது? உங்கள் 55-இல் அதே அளவு வெளிச்சம் வேண்டுமானால் ஐஎஸ்ஓ 10,000-ஐத் தாண்டும். லென்ஸை 18-க்குக் கொண்டுவந்து இரண்டடி முன்னால் போங்கள். அங்கே அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, 5.6-க்குப் பதில் 3.5 கிடைக்கும் (எண் குறைந்தால் திறப்பு பெரிது), ஒளி இரண்டரை மடங்கு கூடும். ஐஎஸ்ஓ 4,000 சுற்றி வந்துவிடும். அப்பர்ச்சர் 1.8 உள்ள லென்ஸ் ஒன்று வாங்கினால் ஐஎஸ்ஓ 1,100 போதும். வாங்குவதாக இருந்தால் 50-ஐவிட 35 மி.மீ. வாங்குங்கள் என்பேன். தேக்காவின் கேம்பல் லேன் கூட்டத்தில் 50-க்குப் பின்னால் நகர இடமிருக்காது.

கேமராவை எம் (மேனுவல்) மோடில் வைத்து, ஷட்டரையும் அப்பர்ச்சரையும் நீங்கள் முடிவு செய்து, ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடுங்கள். உச்சவரம்பு 6400 என்று போடலாம். 12800 போட்டாலும் நான் தடுக்கமாட்டேன். ஐஎஸ்ஓ கூடினால் படம் புள்ளிப் புள்ளியாகும் என்ற பயத்தில்தான் ஏராளமான குடும்பப் படங்கள் கலங்கிப் போகின்றன. புள்ளிகளைப் பிறகு மென்பொருளில் பெருமளவு குறைத்துவிடலாம். கலங்கிப்போன பிள்ளையின் முகத்தைத் திரும்பக் கொண்டுவரவே முடியாது.

பிள்ளைகள் ஓடினால், ஆடினால் 1/250-க்கு ஏறத்தான் வேண்டும். அப்போது விளக்குத் துடிப்பை ஈடுகட்ட, கேமராவில் ‘ஆன்டி-ஃபிளிக்கர்’ இருந்தால் இயக்குங்கள். இல்லாவிட்டால் ஐந்தாறு படம் தொடர்ச்சியாக எடுத்து நல்லதை வைத்துக்கொள்ளுங்கள். இரவில் தீ மிதிப்பவர்களை எடுக்கவும் இதே 1/250-லிருந்து 1/500 வரைதான். லென்ஸிலுள்ள ஆட்டம் தடுக்கும் வசதி உங்கள் கையின் ஆட்டத்தை மட்டுமே அடக்கும், ஓடுகிற பிள்ளையை நிறுத்தாது.

இன்னொன்று, செலவில்லாத வழி. தலைக்கு மேலே தொங்கும் அலங்கார விளக்குகள் முகத்துக்கு அதிகம் உதவுவதில்லை. பிள்ளைகளைப் பூக்கடை, புடவைக்கடை வாசலுக்கு அழைத்துப் போய், முகம் கடையைப் பார்க்க நிற்க வையுங்கள். கடை வெளிச்சம் முகத்தில் நேராக விழும். ஐஎஸ்ஓ கடகடவென்று இறங்குவதைத் திரையிலேயே பார்ப்பீர்கள். எடுத்ததும் கண்ணருகே பெரிதாக்கிச் சரிபாருங்கள். சிறிய திரையில் எல்லாப் படமும் தெளிவாகத்தான் தெரியும்.

மரினா பேயில் கட்டட விளக்குகளை எடுக்க இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். முக்காலி, ஐஎஸ்ஓ 100, இரண்டு விநாடி டைமர், நான்கைந்து விநாடி ஷட்டர். சூரியன் ஏழு மணியளவில் மறைந்த பிறகு ஒரு கால் மணி நேரம் வானம் நீலமாக இருக்கும்போது எடுத்துவிடுங்கள்.

அப்புறம், மெதுவான ஷட்டரை முழுக்க ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் மகளைக் கடைவீட்டுத் தூண் ஒன்றில் சாய்ந்து அசையாமல் நிற்கச் சொல்லி, நீங்கள் எதிர்த்தூணில் கேமராவை அழுத்திப் பிடித்து, 1/4 விநாடியில் பத்துப் படம் எடுங்கள். கூட்டம் வண்ண ஆறுபோல ஓட, நடுவில் அவள் மட்டும் தெளிவாக நிற்கும் படம் ஒன்றாவது அதில் இருக்கும்.