கோப்பின் வால் – கடிதம்

வணக்கம். எங்கள் ஜாவாஸ்கிரிப்ட் ப்ராஜெக்டை இம்போர்ட், எக்ஸ்போர்ட் முறைக்கு, அதாவது மாட்யூல்களுக்கு மாற்றுகிறோம். எல்லா ஃபைல்களையும் .எம்ஜேஎஸ் என்று மாற்ற வேண்டுமா? டீமில் பாதிப்பேர் பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது, ப்ராஜெக்டின் அமைப்பு ஃபைலான பேக்கேஜ்.ஜேசனில் ‘இவை மாட்யூல்’ என்று ஒரு வரி போட்டால் போதும் என்கிறார்கள். பிரௌசர் ஏற்குமா?
– எஸ்.

அன்புள்ள எஸ்.,

அசிங்கம் என்பதை விடுங்கள், ஒரு வாரத்தில் கண் பழகிவிடும். பிரௌசர் ஃபைல் பெயரின் வாலை, அதாவது புள்ளிக்குப் பின்னால் வரும் எக்ஸ்டென்ஷனைப் பார்ப்பதே இல்லை. சர்வர் அந்த ஃபைலை ஜாவாஸ்கிரிப்ட் என்று சொல்லி அனுப்புகிறதா என்றுதான் பார்க்கும், அதை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த ‘ஒரு வரி போதும்’ இருக்கிறதே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. போன வாரம் முழுக்க நான் அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பத்தே வரி உள்ள ஒரு பழைய ஃபைல், பல வருடம் ஒழுங்காக ஓடியது. இம்போர்ட்டும் கிடையாது, எக்ஸ்போர்ட்டும் கிடையாது. வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினேன், ஓட்டினேன், ரெஃபரன்ஸ் எரர். ஒரு எழுத்தைக்கூட நான் தொடவில்லை. முதல் வரியில் ஒரு வேரியபிளை லெட், கான்ஸ்ட் எதுவும் போடாமல் அப்படியே பூஜ்யம் என்று எழுதியிருந்தேன். பழைய முறையில் அது சத்தமில்லாமல் குளோபல் ஆகிவிடும், மாட்யூலில் எப்போதும் ஸ்ட்ரிக்ட் மோட், அதாவது கண்டிப்பான விதிகள் என்பதால் அங்கேயே விழுந்துவிடும். இனி இது மாட்யூல் என்று முடிவு செய்தது யார்? மூன்று ஃபோல்டர் மேலே, நான் திறந்தே பார்க்காத ஒரு பேக்கேஜ்.ஜேசனில் இருந்த அந்த ஒரு வரி!

2015-இல் மாட்யூல் மொழிக்குள் வந்த நாளிலிருந்து இதுதான் சிக்கல். ஒரே எழுத்துக்கு இரண்டு அர்த்தம், உள்ளே பார்த்து எது என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. அதற்காகத்தான் 2017-இல், பிரௌசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட், தன் 8.5 பதிப்பில் பரிசோதனையாக .எம்ஜேஎஸ்ஸைக் கொண்டுவந்தது. இப்போதைய நோட், வாலும் அந்த வரியும் இல்லாத இடத்தில் இம்போர்ட், எக்ஸ்போர்ட்டைப் பார்த்துத் தானாக ஊகிக்கிறது, சரி, என் பத்து வரியில் அது எதைப் பார்த்து ஊகிக்கும்? வால் அப்படியில்லை, ஃபைலை எங்கே தூக்கிக்கொண்டு போனாலும் கூடவே வரும்.

அழகைப் பற்றி இவ்வளவு பேசிய உங்கள் டீமில், அந்த வரி எந்தெந்த ஃபோல்டர் வரை பாயும் என்று ஒருவராவது பார்த்தாரா? பாருங்கள். அப்புறம் பெயரை மாற்ற ஆரம்பியுங்கள், நீங்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது, ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். பழைய முறையான ரெக்வயர் மிச்சமிருக்கும் ஃபைல்களுக்கு, அந்த முறைக்கான வாலான .சிஜேஎஸ் கொடுங்கள். இம்போர்ட் வரியில் வாலோடு முழுப் பெயரை எழுதுங்கள், ரெக்வயரைப் போல நோட் இங்கே தேடித் தராது.

அன்புடன்