ஸ்கின் ஒட்டலையா? பசையைத் திட்டாதீங்க, பனியைத் துடைங்க

போன இதழ்ல ஸ்கீ டூரிங் பத்தி, அதாவது கால்ல ஸ்கீங்கிற சறுக்குப் பலகையை மாட்டிகிட்டே பனிமலை ஏறி சறுக்கி இறங்குறதைப் பத்தி எழுதினதுல இருந்து ஸ்கின் பத்தியே கேள்வி வந்து குவியுது. ஸ்கீயோட அடியில ஒட்டிக்கிட்டு மேட்டுல ஏறுறதுக்கான நீள துணிப்பட்டைதான் ஸ்கின், முன்னாடி தள்ளினா வழுக்கும், பின்னாடி இழுத்தா அதோட முடி நிமிர்ந்து பனியைப் பிடிச்சுக்கும். அந்தக் காலத்துல நிஜமாவே சீல் தோலைத்தான் கட்டினாங்க. சரி, கேள்விகளுக்குப் போவோம்.

அண்ணை, நான் பேர்னில இருக்கிறன். போன கிழமை வாலிஸ் மலைப்பக்கம் டூர் போனனாங்கள். முதல் ஏத்தத்தில ஒரு பிரச்சினையும் இல்லை. இறங்கிப்போட்டு ரெண்டாந்தரம் ஸ்கின்னை ஒட்டினா பின்பக்கம் கழண்டு கழண்டு வருது. பசை பழுதாப் போச்சோ? புதுசு வாங்கோணுமோ?

தம்பி, காசை எடுக்காதீங்க. காலைல ஒட்டினது மத்தியானம் ஒட்டலைன்னா பெரும்பாலும் குத்தம் பசை மேல இல்ல. இறங்கி வரும்போது ஸ்கீயோட அடிப்பக்கத்துல மெல்லிசா ஈரமோ ஐஸோ படிஞ்சிருக்கும், கண்ணுக்கு சரியா தெரியாது, அது மேல ஸ்கின்னை வச்சா பசை ஸ்கீயைத் தொடவே தொடாது, ஐஸைத்தான் தொடும், அப்புறம் எங்க ஒட்டுறது. முதல்ல பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால சுரண்டுங்க, அப்புறம் காஞ்ச துணியில நல்லா துடைங்க. வால் பக்கத்தை ரெண்டு தடவை துடைங்க, கழண்டு வர்றது எப்பவும் அங்கதான் ஆரம்பிக்கும்.

அடுத்தது, இறங்கும்போது ஸ்கின்னை எங்க வச்சிருந்தீங்க? பேக்ல வச்சிருந்தா பசை குளிர்ல விறைச்சுப் போயிருக்கும், விறைச்ச பசைக்கு பிடிப்பு கிடையாது. ஜாக்கெட்டுக்குள்ள, உடம்போட ஒட்டி வச்சுக்கோங்க. கொஞ்சம் ஈரமாதான் இருக்கும், பொறுத்துக்கணும். கழட்டும்போதும் ஒரு விஷயம், காத்தடிக்கிற மேட்டுல நின்னுகிட்டு முழுசா உரிச்சா பறக்குற பனித்தூள் மொத்தமும் பசையில வந்து உக்காந்துக்கும், அதனால பாதி வரைக்கும் உரிச்சு பசையோட பசை சேர்த்து மடிச்சிட்டு அப்புறம் மிச்சப் பாதியை உரிங்க, எந்தக் காரணத்துக்கும் பனி மேல போடாதீங்க.

இவ்வளவு செஞ்சும் வழியில கழண்டா ஸ்கீயைச் சுத்திக் கட்டுற ரப்பர் ஸ்ட்ராப் ரெண்டு, கையில ஊன்றுற ஸ்கீ போல்ல சுத்தி வச்ச டக்ட் டேப் கொஞ்சம், இது போதும் அன்னைக்கு சமாளிக்க. இது ரெண்டும் இல்லாம டூர் கிளம்புற ஆளுங்களைப் பாத்தா எனக்கு கோவம்தான் வரும்.

ராத்திரி ஹட்ல, அதாவது மலைக்குடில்ல, தங்குறதா இருந்தா இன்னொண்ணு. ஆல்ப்ஸ்ல சமோனியிலேர்ந்து செர்மாட் வரைக்கும் போற ஓட்-ரூட் மாதிரி பாதைகள்ல ஹட்டுக்கு ஹட்டு அடுப்புக்கு மேல ஸ்கின்னைத் தொங்கவிட இடம் பிடிக்க போட்டி நடக்கும். நீங்க அந்தப் போட்டியில தோத்துடுங்க. சூட்டுல பசை இளகி துணிக்குள்ள இறங்கிடும், அப்புறம் அதைத் திரும்ப கொண்டு வர முடியாது. அடுப்பை விட்டுத் தள்ளி, சாதாரண ரூம் சூட்டுல காத்தாட தொங்கவிட்டாலே காலைக்குள்ள ஓரளவு காஞ்சிடும்.

சார், நான் கேல்கரி. ஏப்ரல்ல ரோஜர்ஸ் பாஸ் மலைக்கணவாய்க்குப் போனப்ப ஸ்கின்னுக்கு அடியில பனி கட்டி கட்டியா ஒட்டி காலைத் தூக்கவே முடியல. என்ன பண்றது?

வசந்த காலத்துல இது எல்லாருக்கும் நடக்குறதுதான். வெயில் பட்ட சரிவுல பனி ஈரமா இருக்கும், ஸ்கின்னோட முடி அந்தத் தண்ணியைக் குடிச்சுக்கும், அப்படியே மரநிழல்ல இருக்குற குளிர்ந்த பொடிப்பனிக்குள்ள கால் வச்சீங்கன்னா அந்தத் தண்ணி உறைஞ்சு பொடியையும் சேர்த்து பிடிச்சுக்கும், அடி மேல அடி வைக்க வைக்க கட்டி வளர்ந்துகிட்டே போகும். ஆக முடி தண்ணி குடிக்காம பாத்துக்கிட்டா பாதி பிரச்சினை தீந்துச்சு. வீட்டுலயே, காஞ்ச ஸ்கின்னுக்கு அதுக்குன்னே விக்கிற வாட்டர்ப்ரூஃப் ஸ்ப்ரே அடிச்சு காய விடுங்க, முடிப்பக்கம் மட்டும், பசைப்பக்கம் ஒரு சொட்டு கூட படக்கூடாது. பாக்கெட்ல ஒரு ஸ்கின் வேக்ஸ் கட்டி. ஏறத் தொடங்குறதுக்கு முன்னாடியே தேய்ங்க, முடி படிஞ்சிருக்குற திசையில அழுத்தித் தேய்க்கணும், எதிர்த்திசையில தேய்ச்சா முடிதான் கெடும்.

கட்டி வந்தப்புறம் வேக்ஸ் தேய்ச்சா பிரயோஜனம் கம்மி. ஒரு ஸ்கீயோட அடியை இன்னொரு ஸ்கீயோட எட்ஜ்ல வச்சு முடியோட திசையில இழுத்து கட்டியைச் சுரண்டி எடுத்துட்டு அப்புறம் தேய்ங்க. நடக்கும்போது காலைத் தூக்கித் தூக்கி வைக்காம இழைச்சுகிட்டே போங்க, அந்த உராய்வே கொஞ்சம் பனியைத் தள்ளிடும். சீக்கிரம் கிளம்புறதுதான் நிஜமான மருந்து, ராத்திரி உறைஞ்ச பனி இளகுறதுக்குள்ள ஏறி முடிச்சுட்டா கட்டியும் இல்ல, பனிச்சரிவு பயமும் கம்மி. ரோஜர்ஸ் பாஸ்ல குளிர்காலத்துல ஹைவே மேல பனி சரியாம இருக்க கனடா ராணுவம் பீரங்கியால சுட்டு முன்கூட்டியே சரிய வைக்கிறாங்க, அதனால சில பகுதிக்குள்ள போக பர்மிட் வேணும், அன்னைக்கு எது திறந்திருக்குன்னு பாத்துட்டுதான் போகணும். உங்களுக்குத் தெரியாதது இல்ல, மத்தவங்களுக்காகச் சொன்னேன்.

சென்னையில இருக்கேன், ஜனவரில குல்மார்க் போறேன். சொந்தமா ஸ்கின் வாங்கலாம்னு இருக்கேன். மோஹேரா நைலானா? இங்க வெயில்ல எப்படி வைக்கிறது?

மோஹேர்னா அங்கோரா ஆட்டு முடி, நல்லா வழுக்கும், எடை கம்மி, ஆனா சீக்கிரம் தேயும். நைலான் பிடிப்பு ஜாஸ்தி, உழைக்கும், ஆனா இழுத்துகிட்டு நடக்கணும். ரெண்டும் கலந்தது, 70 சதவீதம் மோஹேர் 30 சதவீதம் நைலான்ங்கிற மாதிரி, அதை வாங்குங்க, முதல் ஜோடிக்கு அதுக்கு மேல யோசிக்காதீங்க. குல்மார்க்ல கோண்டோலாங்கிற கேபிள் காரே உங்களை அஃபர்வாட் மலை மேல 3,900 மீட்டரைத் தாண்டி கொண்டு விட்டுடும், ஸ்கின் தேவைப்படுறது அங்கேர்ந்து இன்னும் தள்ளிப் போறதுக்கும் காத்துல கோண்டோலா நிக்கிற நாளுக்கும்தான். பீக்கன் (பனியில புதைஞ்சவங்களைக் கண்டுபிடிக்கிற சிக்னல் கருவி), ப்ரோப் (பனிக்குள்ள குத்தித் தேடுற நீளக் கம்பி), மண்வெட்டி மூணும், அதை உபயோகிக்கத் தெரிஞ்ச கூட்டாளியும் இல்லாம அந்தப் பக்கம் போகாதீங்க.

ஸ்கின்னை ஸ்கீ அளவுக்கு வெட்டும்போது ரெண்டு பக்கமும் இரும்பு எட்ஜ் முழுசா வெளிய தெரியணும். எட்ஜை மூடிட்டா கெட்டிப்பனியில குறுக்கால போகும்போது பிடிக்காது, சறுக்கிடும். ஸ்கின்னோட வர்ற கட்டரையே உபயோகிங்க, வீட்டு பிளேடால வீரம் காட்ட வேணாம்.

சென்னை வெயில்தான் இதுல பெரிய வில்லன். ஆல்ப்ஸ்காரங்க பசையோட பசை சேர்த்து மடிச்சு அலமாரியில போட்டுடுவாங்க. நம்ம மே மாசத்துல அப்படி வச்சா ரெண்டும் ஒண்ணா இளகி, பிரிக்கும்போது ஒரு பக்கத்துப் பசை மறுபக்கம் போயிடும். நல்லா காய வச்சு, நடுவுல அதோட வர்ற வலைத்துணியோ ஷீட்டோ கொடுத்து, காத்துப் புகாத கவர்ல போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க. ஆமா, மாவு பாத்திரத்துக்குப் பக்கத்துலதான். வீட்டுல திட்டுவாங்க, வாங்கிக்கோங்க. கார் டிக்கி மட்டும் வேணவே வேணாம். ஏற்கனவே ஒட்டிப்போய் பிரிக்க முடியலன்னா கொஞ்ச நேரம் ஃப்ரீஸர்ல வச்சுட்டு மெதுவா பிரிங்க, குளிர்ல பசை இறுகி விட்டுக்கொடுக்கும்.

பசை பூரா நாய் முடி. கழுவலாமா?

சாதாரண பசைன்னா கழுவாதீங்க. பெருசா இருக்குறதை ட்வீசரால பிடுங்குங்க, மிச்சத்துக்கு மேல பேக்கிங் பேப்பர் வச்சு மிதமான சூட்டுல இஸ்திரிப் பெட்டியை ஓட்டினா பசை ஒரே சீரா பரவி திரும்ப பிடிக்க ஆரம்பிக்கும். ஸ்கின்னை உரிக்கும்போது பசை திட்டுத் திட்டா ஸ்கீயிலயே தங்க ஆரம்பிச்சாதான் பழசைச் சுரண்டி எடுத்துட்டு புதுப் பசை போடுற வேலை, அதைக் கடையில கொடுத்துடுங்க, நாத்தம் பிடிச்ச வேலை அது. உங்களோடது சிலிக்கோன் பசை வகையா இருந்தா கதையே வேற, அதுல பல மாடலைத் துடைச்சே சுத்தம் பண்ணலாம், கூட வந்த பேப்பர்ல கம்பெனி என்ன சொல்லியிருக்கான்னு பாத்துட்டு செய்ங்க. நாயை வேற ரூம்ல கட்டிட்டு.