பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப்பிப்பது எப்படி?

எம்ஜிபி (MGB) என்ற பிரிட்டிஷ் கார் மாதிரி 1960களின் ஸ்போர்ட்ஸ் கார் கையில் இருக்கிறது, மொத்தப் பணமும் ஒரே தவணையில் இல்லை. எந்த வரிசையில் வேலை செய்வது என்பதுதான் கேள்வி.

படிப்படியான சீரமைப்பு என்றால், வண்டியை ஓடும் நிலையில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு பகுதியாகச் சரிசெய்வது. முழுசாகப் பிரித்தால் நட்டு போல்ட்டு தொலையும், எது எங்கே இருந்தது என்று மறந்துபோகும், பணம் தீர்ந்தால் வண்டி மூட்டையாகவே கிடக்கும். குடியிருந்துகொண்டே பழைய ஓட்டு வீட்டைப் பழுதுபார்ப்பதைப் போலத்தான் இதுவும். ஐப்பசி மழைக்கு முன் ஓடு மாற்றுவோம், வெள்ளையடிப்பது பொங்கலுக்கு.

முதலில் பிரேக். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; அந்த ஈரம் பிரேக் சிலிண்டரை உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். ரப்பர் ஹோஸ், டயர், பெட்ரோல் குழாய் எல்லாவற்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள். அடுத்தது துரு. எம்ஜிபியில் தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாடிதான் எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகடு அரித்துவிட்டால் வண்டியின் வலுவே போய்விடும். அப்புறம் வயரிங், இன்ஜின். சீட்டும் பெயின்ட்டும் கடைசி.

கோவைப் பக்கம் இருப்பவர்களுக்குப் பெரிய வசதி, பம்ப், மோட்டார் தொழிலோடு வளர்ந்த லேத் பட்டறைகள். கடையில் கிடைக்காத புஷ்ஷை (தண்டு சுழலும் இடத்தில் போடும் சிறு உருளை வளையம்) மாதிரி கொடுத்துக் கடைந்து வாங்கலாம். பிரேக் பாகங்களை மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். தொடங்கும் முன் அவிநாசி சாலை ஜீடி கார் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள், கண் பழகும்.

பெயின்ட் அடித்தால் பாதி வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பிறகு துருவுக்கு வெல்டிங் வைக்கும்போது அந்தப் பெயின்ட் கருகி, மறுபடியும் அடிக்க வேண்டிவரும்.