மகளின் கலைப் படிப்பும் தம்பிக்காக வாங்கும் கடனும்

கேள்வி: நாங்கள் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் வசிக்கிறோம். கணவன் மனைவி இருவரின் ஆண்டு வருமானம் சேர்த்து 1,38,000 டாலர். மகள் இங்குள்ள ஓலோனி சமுதாயக் கல்லூரியில் ஓவியமும் நாடக மேடை வடிவமைப்பும் படிக்கிறாள். முதலாம் ஆண்டு முடியப் போகிறது. 2027-இல் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்புகிறாள். திண்டுக்கல்லில் வீடு கட்டும் என் தம்பிக்காக, எங்கள் வீட்டை ஈடு வைத்து 2017-இல் திறந்த ஹீலாக் (HELOC) என்ற கடன் கணக்கிலிருந்து அவ்வப்போது எடுத்து அனுப்பியதில் பாக்கி 62,000 டாலர் ஆகிவிட்டது. வட்டி எட்டரை சதவீதம். இந்த நிலையில் கலைப் படிப்பு எங்களுக்குக் கட்டுப்படியாகுமா, கணக்கியலுக்கு மாறச் சொல்லலாமா? அவள் படிப்புச் செலவுக்காக மாதம் 500 டாலர் கட்டும் ஆயுள் காப்பீட்டுத் திட்டம் ஒன்றை எடுக்கும்படி நண்பர் வற்புறுத்துகிறார். எடுக்கலாமா?

பதில்: மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், காப்பீட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்; கடனைப் பற்றி மட்டும் ஒரு கேள்வியும் இல்லை. உங்கள் குடும்பத்தின் பணத்தைத் தின்பது அந்தக் கடன்தான்.

கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் என்ற கட்டணம் 2012 முதல் மாறவில்லை. உங்கள் மகள் ஆண்டுக்கு 30 யூனிட் எடுத்தால் 1,380 டாலர் ஆகிறது. வண்ணம், தூரிகை, தாள், களிமண், புத்தகம் என்று வகுப்புக்கு வேண்டிய பொருள்களுக்குத் தாராளமாக 900 டாலர் வைத்துக்கொண்டாலும் மொத்தம் 2,280 டாலர்தான். இதில் உங்கள் வருமான அளவில் உள்ளவர்களுக்குக் கிடைக்கும் அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி வரிச் சலுகை, முதல் 2,000 டாலர் செலவை முழுமையாகவும் அடுத்த 2,000 டாலரில் கால் பங்கையும் உங்கள் வரியிலிருந்து கழிக்கிறது. அதாவது 2,070 டாலர் உங்களிடமே திரும்பி வருகிறது. வகுப்புக்கு அவசியமான ஓவியப் பொருள்களும் இந்தச் சலுகைக்குள் அடங்கும் என்பதைப் பல பெற்றோர் கவனிப்பதில்லை. ஆகவே கடை ரசீதுகள் ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள். முதன்முறையாகச் சேரும் முழுநேர மாணவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுக் கட்டணத்தையே தள்ளுபடி செய்ய 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் 2019-இல் வந்த அதன் விரிவாக்கமும் கல்லூரிகளுக்கு வழி செய்திருக்கின்றன. அதைக் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். நான் தள்ளுபடி எதுவும் இல்லை என்றே கணக்கிட்டேன்.

இப்போது கடனுக்கு வருவோம். 62,000 டாலருக்கு எட்டரை சதவீதம் என்றால் ஆண்டு வட்டி மட்டும் ஏறத்தாழ 5,270 டாலர். மகளின் ஓராண்டுப் படிப்புச் செலவைப் போல இரு மடங்குக்கு மேல் வட்டியாகவே போகிறது, அசல் ஒரு டாலர்கூடக் குறையாமல். ஈடு வைத்த வீட்டை வாங்கவோ கட்டவோ சீரமைக்கவோ செலவழித்த கடனுக்குத்தான் வட்டியில் வரிக்கழிவு உண்டு. திண்டுக்கல்லில் எழும் வீட்டுக்கு அது கிடையாது.

இதைவிட அவசரமான ஒன்றும் இருக்கிறது. ஹீலாக் கணக்குகளில் பெரும்பாலும் முதல் 10 ஆண்டுகள்தான் வட்டி மட்டும் கட்டிக்கொண்டு பணம் எடுக்கலாம். நீங்கள் 2017-இல் திறந்திருப்பதால், உங்கள் மகள் பல்கலைக்கழகத்துக்குள் நுழையும் அதே 2027-இல் அசலும் சேர்ந்த தவணை தொடங்கக்கூடும். மீதியை 15 ஆண்டுகளில் அடைப்பதாக வைத்தால், இன்று மாதம் 440 டாலராக இருப்பது 610 டாலராகும். அதற்குள் தம்பிக்கு இன்னும் 10,000 டாலர் எடுத்தால் 710 டாலராகும். ஒப்பந்தத்தில் உள்ள தேதியை இன்றே பாருங்கள். இனி யார் கேட்டாலும் பணம் எடுக்க முடியாதபடி கணக்கை முடக்கிவைக்கும்படி கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

காப்பீட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நண்பர் சொல்வது ‘இண்டெக்ஸ்டு யுனிவர்சல் லைஃப்’ என்ற, பங்குச் சந்தைக் குறியீட்டோடு இணைந்த ஆயுள் காப்பீட்டு வகையாக இருக்க வேண்டும். நம் சங்க நிகழ்ச்சிகளிலும் பிறந்தநாள் விருந்துகளிலும் இதை விற்காத இடம் இல்லை என்றாகிவிட்டது. தொடக்க ஆண்டுகளில் செலவுகளும், இடையில் விலகினால் பிடிக்கும் சரண்டர் கட்டணமும் மிகுந்த ஒரு திட்டத்தில் போடும் பணம், ஒன்றரை ஆண்டில் தேவைப்படும் கல்விச் செலவுக்கு எப்படிக் கைகொடுக்கும்? வேண்டாம். அதற்கென்று ஒதுக்க நினைத்த 500 டாலரை மாதந்தோறும் சாதாரண சேமிப்புக் கணக்கில் போடுங்கள். 16 மாதங்களில் 8,000 டாலர் சேரும்.

சான் ஹோசேயில் 2025–26-இல் அடிப்படைக் கட்டணம் 6,450 டாலர். அது ஆண்டுதோறும் உயர்ந்து வருகிறது. வளாகக் கட்டணங்களையும் சேர்த்து, வீட்டிலிருந்தே ரயிலில் போய்வருவதாகக் கொண்டால், இரண்டு ஆண்டுக்குச் சுமார் 20,000 டாலர் என்று வையுங்கள். வரிச் சலுகை 5,000 போக 15,000 டாலர் வேண்டும்; சேமிப்பில் 8,000 இருந்தால் மிச்சம் 7,000, அதாவது இரண்டு ஆண்டில் பகிர்ந்தால் மாதம் 300 டாலருக்குக் கீழ். உயரப்போகும் ஹீலாக் தவணையின் 170 டாலரையும் கூட்டினாலும் அதே 500-க்குள் அடங்கிவிடுகிறது. புதுக் கடன் எடுக்கவில்லை என்றால் மட்டுமே இந்தக் கணக்கு நிற்கும். 2027 மார்ச் 2-க்குள் ஃபாஃப்சா (FAFSA) என்ற மாணவர் நிதியுதவி விண்ணப்பத்தையும் அனுப்பிவிடுங்கள். மாநிலத்தின் நடுத்தரக் குடும்ப உதவித்தொகைக்கும் அதுவே வாசல்.

படிப்பை மாற்றச் சொல்லாதீர்கள். கோட்டோவியம், இருபரிமாண, முப்பரிமாண வடிவமைப்பு, கலை வரலாறு ஆகிய அடிப்படை வகுப்புகளுக்குத் தனியார் கலைக் கல்லூரிகள் ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் கேட்கின்றன. அவள் படிக்கும் கல்லூரியிலேயே நாடக அரங்கு உள்ள ஸ்மித் கலை மையம் இருக்கிறது. மேடை அமைப்பைப் பாடப் புத்தகத்தில் படிப்பதற்கும், திரை உயரும் நாளுக்குள் ஆணியடித்து முடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அவள் 19 வயதில் கற்கலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கென்றே உள்ள இணைப் பட்டத்தோடு (ADT) வருபவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் இடம் உறுதி என்றாலும், அது அவள் விரும்பும் வளாகத்துக்கோ துறைக்கோ கொடுத்த உறுதி ஆகாது, சில கலைத் துறைகள் படைப்புத் தொகுப்பைப் பார்த்தே சேர்க்கின்றன. ஆகவே எந்த வகுப்பு எங்கே ஏற்கப்படும் என்பதை ஆலோசகரோடு இந்தக் கோடையிலேயே சரிபார்த்துவிட்டு, நல்ல படைப்புகளை இப்போதிருந்தே சேர்த்துவரட்டும்.

தம்பியிடம் பேசுவதுதான் கடினம் என்று எனக்குத் தெரியும். ஊரில் இருந்து பெற்றோரைப் பார்த்துக்கொண்டவர் அவராக இருந்தால், உங்களுக்கு நன்றிக்கடன் இருக்கும், அதை மறுக்கவில்லை. சம்பளத்திலிருந்து மாதம் 100 டாலரோ 150 டாலரோ, உங்களால் இயன்றதை அனுப்புங்கள். அடுத்த முறை “அண்ணா, தளம் போட ஐந்து லட்சம் வேண்டும்” என்று அவர் அழைப்பதற்கு முன்பாக நீங்களே அழைத்து, கணக்கை முடக்கிவிட்டதையும், 2027-இல் தவணை கூடுவதையும், இதுவரை வாங்கிய தொகை எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுங்கள். அந்தத் தொகை 62,000 டாலர் என்பது அவருக்குத் தெரியுமா என்றே எனக்கு ஐயமாக இருக்கிறது.